பாட்டுக்குக் குறையில்லை

கேள்வி: காரில் மியூசிக் சிஸ்டத்தை நானே மாட்டினேன். பாட்டு பிரமாதம். ஆனால் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரே சத்தம், வண்டி கிளம்பவில்லை. ஏன்?

பதில்: நல்ல பாட்டு ஓடும்போது எழுந்து போக அதற்கும் மனசு வரவில்லையோ என்னவோ!

பாட்டுக்குச் சில ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கு மேல் கேட்கும். பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்ப்பைக் கையால் திருகிப் பாருங்கள். அசைந்தால், 10-ம் நம்பர் ஸ்பானரோடு பிரச்சினை தீர்ந்துவிடலாம். அசையவில்லையா, மல்டிமீட்டர் வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் பேட்டரியில் சார்ஜ் நிறைய இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால், மாட்டும்போதே பாட்டுக் கேட்டுத் தீர்த்துவிட்டீர்கள்.

அதிருக்கட்டும், வேலை முடிந்தபின் கையில் மிஞ்சியதே ஒரு போல்ட்டு, அது பாடியில் எர்த் ஒயரைப் பிடித்திருந்ததுதானே?