ஃபார்மட் அடிச்சா சரியாயிரும்!

கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் திண்டுக்கல் வட்டாரத்தில் எந்த சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் தீர்ப்பு ஒன்றுதான்: “ஃபார்மட் அடிச்சிரலாம்ணே.” ஹேங் ஆனால் ஃபார்மட். தானாக ரீஸ்டார்ட் ஆனாலும் ஃபார்மட். ப்ளூ ஸ்கிரீன் வந்தால் ஃபார்மட். தேதி தப்பாகக் காட்டினால்கூட, எதற்கும் இருக்கட்டுமென்று ஒரு ஃபார்மட். விசாரணை என்று ஒன்று உண்டென்றால் அது ஒரே கேள்வியோடு முடிந்துவிடும்: “சி டிரைவ்ல முக்கியமா ஏதும் இருக்காண்ணே?” ‘இல்லப்பா’ என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டு வருகிற ஆள், டெஸ்க்டாப்பில் போட்டு வைத்திருந்ததெல்லாம் சி டிரைவில்தான் இருந்தது என்பதை இரண்டு நாள் கழித்துத் தெரிந்துகொள்கிறார். என் கட்சி இதுதான்: ஃபார்மட் பெரும்பாலும் கோளாறைத் தீர்ப்பதில்லை, கோளாறின் தடயத்தைத்தான் தீர்த்துக்கட்டுகிறது. அதிலும் நம் பக்கத்துச் சமவெளியில் குற்றவாளி பல சமயம் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருப்பதில்லை. சுவரில், ப்ளக் பாயிண்ட்டுக்குப் பின்னால், நிம்மதியாக இருக்கிறான்.

ஹார்ட் டிஸ்க்கை நாம் வாயில்லாப் பிராணி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது ஓட ஆரம்பித்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதி வருகிறது. ‘ஸ்மார்ட்’ என்று அதற்குப் பெயர். இலவச மென்பொருள் ஒன்றைத் திறந்தால் வரிசை எண்ணோடு வாசிக்கலாம். இதில் 192ஆம் வரி என் மனதுக்கு நெருக்கமானது. டிஸ்க்குக்குள்ளே நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுழலும் தட்டின்மேல், அதைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் முனை மிதந்துகொண்டிருக்கிறது. மிதக்க வைப்பது தட்டோடு சேர்ந்து சுற்றுகிற காற்று. கரண்ட் திடீரென்று போனால் தட்டு தளரும், காற்றின் தாங்கல் போகும், முனை கீழே விழுந்து தட்டை உழுதுவிடும். அப்படி ஆகாமலிருக்க, நிற்கப்போகிற தட்டின் மிச்சச் சுழற்சியையே டைனமோவாக்கி, அதில் பிறக்கும் கடைசிச் சொட்டு மின்சாரத்தில் முனையை ஓரத்துக்கு இழுத்துக்கொள்கிறது டிஸ்க். இப்படி எத்தனை தடவை இழுத்துக்கொள்ள நேர்ந்தது என்ற கணக்கைத்தான் பெரும்பாலான டிஸ்க்குகள் 192ஆம் வரியில் எழுதுகின்றன. சென்னைக்கு 2 மணி நேரம், மற்ற மாவட்டங்களுக்கு 10 மணி நேரத்துக்கும் மேல் என்று மின்வெட்டு நடந்த 2012இல் யூபிஎஸ் இல்லாமல் ஓடிய திண்டுக்கல் டிஸ்க் ஏதாவது இன்னும் உயிரோடு இருந்தால், அந்த வருஷத்து வரலாற்றை எழுத அதைவிட நேர்மையான ஆவணம் கிடைக்காது.

இன்னும் மூன்று வரிகள் போதும். 5ஆம் வரி, கெட்டுப்போன செக்டார்களை ஒதுக்கிவிட்டு மாற்று இடம் கொடுத்த கணக்கு. 197, ‘இது கெட்டதா இல்லையா, அடுத்த தடவை எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று நிலுவையில் வைத்திருக்கும் செக்டார்கள். 199, டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே வழியில் சிதைந்த தகவல்கள். முதல் இரண்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் போகப்போகிறது, பேக்கப் எடுத்துவிட்டுப் புதிதாக வாங்க வேண்டியதுதான். 199 மட்டும் ஏறினால் டிஸ்க் பெரும்பாலும் நிரபராதி. சாட்டா கேபிளை மாற்றினால் தீரலாம். 192 ஏறினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். நான்கு வரி, மூன்று விதமான தீர்வு, மூன்றிலும் ஃபார்மட் இல்லை. விண்டோஸும் தன் பங்குக்கு ஈவென்ட் வியூவரில் எழுதி வைக்கிறது. ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவு இருந்து, பக்கத்தில் பிழை எண் பூஜ்யமாக இருந்தால், விண்டோஸ் சொல்ல வருவது: “எனக்கு எதுவும் தெரியாது, திடீரென்று இருட்டாகிவிட்டது.” பெரும்பாலும் மின்சாரத்தைச் சந்தேகிக்க வேண்டிய இடம் இது. டிஸ்க்கின் நாட்குறிப்பை ஃபார்மட் தொடுவதில்லை, அது பிழைத்துக்கொள்ளும். விண்டோஸின் வாக்குமூலம்தான் சுவடில்லாமல் போய்விடுகிறது.

சுவருக்கு வருவோம். நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும் கிணறும் போர்வெல்லும் மோட்டாருமாகத்தான் விவசாயம். மும்முனை மின்சாரம் வருகிற நேரத்துக்கு ராத்திரி எழுந்து போக யாருக்கு முடியும்? ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டு வைத்திருப்பார்கள். கரண்ட் வந்த கொஞ்ச நேரத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே இருக்கும் மோட்டாரெல்லாம் கிட்டத்தட்ட ஒன்றாக எழும். எழும்போது ஓடுவதைப்போலப் பல மடங்கு கரண்ட்டை இழுக்கும். அதே டிரான்ஸ்ஃபார்மரில் தொங்கும் வீட்டில் டியூப் லைட் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டும். நம் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ், மின்சாரம் தட்டுப்பட்டால் சேமிப்பை வைத்துச் சமாளிக்கக்கூடிய நேரம் சுமார் 16 மில்லி நொடி. நம் மின்சாரத்தின் ஓர் அலையே 20 மில்லி நொடி. அதாவது ஒரு முழு அலை விட்டுப்போனால் புது எஸ்எம்பிஎஸ்ஸே திணறலாம். அதன் கெபாசிட்டர்கள் ஏழெட்டுக் கோடைகளில் காய்ந்து தலை உப்பியிருந்தால் லைட் சிமிட்டுவதே போதும், சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகிவிடும். இதற்கு விண்டோஸை அழித்துவிட்டுப் புது விண்டோஸ் ஏற்றினால், புது விண்டோஸும் அதே மோட்டார் எழும்போது விழும். லேப்டாப்புக்கு இந்தப் பாடு கிடையாது, பேட்டரிதான் அதன் யூபிஎஸ். ஆனால் 2011இல் தொடங்கி அரசு கொடுத்த இலவச லேப்டாப்களில் பேட்டரி செத்து, சார்ஜரில் மட்டும் உயிர் வாழ்பவை உண்டு; அவற்றை மடிக்க முடிந்த டெஸ்க்டாப் என்றே கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் விட அநியாயமான கேஸ் ஒன்று இருக்கிறது. மதர்போர்டில் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி, சிஆர் 2032. தேதியையும் பயாஸ் செட்டிங்கையும் அடைகாப்பது அதன் வேலை. ப்ளக்கில் கரண்ட் இருக்கும்வரை அதற்கு உழைப்பு குறைவு. கரண்ட் பில்லுக்குப் பயந்து சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுத் தூங்கும் பழக்கம் நமக்கு இருப்பதால், ராத்திரி முழுக்க அதுதான் தனியாகச் சுமக்கிறது. ஒருநாள் செத்துப்போகும். மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் 2009 ஜனவரி 1 என்று கண் விழிக்கும். வங்கி இணையதளம் திறக்காது, ஏனென்றால் அதன் பாதுகாப்புச் சான்று இன்னும் பிறக்கவேயில்லை. இது பரவாயில்லை. பல பழைய மதர்போர்டுகளில் பயாஸ் தன் பிறவிக் குணத்துக்குத் திரும்பும்போது, ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் முறை ஏஹெச்சிஐயிலிருந்து ஐடிஇக்கு மாறிவிடும். விண்டோஸ் ஒரு மொழியில் கூப்பிட, டிஸ்க் வேறொரு மொழியில் நிற்க, துவக்க டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று ப்ளூ ஸ்கிரீன். பயாஸுக்குள் போய் ஒரே ஒரு வரியை மாற்றி, பேட்டரியைப் புதிதாகப் போட்டால் முடிந்தது. மொத்தச் செலவு ஒரு பரோட்டா சால்னா காசு. நடப்பதோ ஃபார்மட். ஐடிஇயிலேயே புது விண்டோஸ் ஏறிக்கொள்ளும், நன்றாகவும் ஓடும். ஆறு மாதம் கழித்து விவரம் தெரிந்த யாரோ ஒருவர் பேட்டரியை மாற்றி செட்டிங்கை ஒழுங்காக ஏஹெச்சிஐயில் வைப்பார். மறுபடி ப்ளூ ஸ்கிரீன், மறுபடி ஃபார்மட். கெட்ட பெயர் அந்த விவரம் தெரிந்தவருக்கு.

‘என்னதான் சொல்லுங்க, ஃபார்மட் அடிச்சதும் நல்லா ஓடுதே’ என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் கடையில் நடந்ததை முழுதாகப் பார்க்க வேண்டும். முதலில் ப்ளோயரை வைத்துத் தூசியை ஊதுகிறான் தம்பி. ஹீட் சிங்க்கில் கம்பளி மாதிரி படிந்திருந்தது போகிறது, புராசசர் மூச்சு விடுகிறது. பிறகு ரேமைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் அதன் தங்கநிறப் பற்களைத் தேய்த்துத் திரும்பச் சொருகுகிறான். கேபிள்களைப் பிடுங்கி மாட்டுகிறான். கடையின் யூபிஎஸ்ஸில் போட்டு ஓட்டுகிறான். இதற்கெல்லாம் பிறகு ஃபார்மட் அடிக்கிறான். வேலை செய்தது ரப்பர், பெயர் வாங்கியது ஃபார்மட். இயந்திரம் வீட்டுக்கு வந்து பழைய ப்ளக் பாயிண்ட்டில் மாட்டியதும் நோய் திரும்பினால், “வைரஸ் ரொம்ப ஸ்ட்ராங்ணே” என்கிறான். அது மட்டுமல்ல, கடையில் அடிப்பது அவசரத்துக்கு அடிக்கும் குவிக் ஃபார்மட். அது தட்டின் பரப்பைச் சோதிப்பதே இல்லை. கெட்ட செக்டார் அதே இடத்தில் காத்திருக்கும். பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. பூட்டு திறக்கவில்லை என்று போனால், இங்கே எந்த ஆசாரியும் முதலில் சாவியை வாங்கி வெளிச்சத்தில் பார்ப்பாரே தவிர, கதவைப் பெயர்த்துப் போடச் சொல்ல மாட்டார்.

அடுத்த ஆட்சேபம் வெயில் சம்பந்தப்பட்டது: நம் ஊர்ச் சூட்டுக்கு ஹார்ட் டிஸ்க் தாங்காது, அதுதான் அடிக்கடி போகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், சூட்டுக்கும் டிஸ்க் சாவுக்கும் எதிர்பார்த்த உறவு கிடைக்கவில்லை. ரொம்பக் குளிர்ச்சியாக இருந்த டிஸ்க்குகள்தான் கூடுதலாகப் போயிருந்தன. மிக அதிகச் சூட்டில் மட்டும் லேசான பாதிப்பு. ஆக, டிஸ்க்குக்குத் திண்டுக்கல்லைவிடக் கொடைக்கானல் உசத்தி என்று சொல்ல ஆதாரமில்லை. சூட்டில் சுருண்டு விழுவது புராசசரும் கெபாசிட்டரும். அதே ஆய்வு என் கட்சிக்கும் ஒரு குட்டு வைத்திருக்கிறது, மறைக்கக் கூடாது. செத்த டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்திருக்கின்றன. நாட்குறிப்பு சுத்தமாக இருப்பதால் ஆயுள் கெட்டி என்று அர்த்தமில்லை. ஆனால் பரப்புச் சோதனையில் முதல் பிழை வந்த டிஸ்க், பிழை இல்லாததைவிட 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு 39 மடங்கு என்றும் அதே ஆய்வு சொல்கிறது. எழுதியிருந்தால் நம்பலாம், எழுதாததை நம்பக் கூடாது. ‘எஸ்எஸ்டி போட்டுட்டா இந்தத் தொல்லையே இல்ல’ என்பவர்களுக்கும் இதே பதில்தான். அதிலும் திடீர் மின்வெட்டுகளை எண்ணிவைக்கும் வரி உண்டு. சாவதற்கு முன் கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும் பழக்கம்தான் இல்லை.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு கோளாறான அப்டேட், உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்களை ஒரே நாளில் ப்ளூ ஸ்கிரீனில் உட்கார வைத்தது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தீர்வு என்ன? சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை அழிப்பது. மைக்ரோசாஃப்ட் தன் கிளவுட் கம்ப்யூட்டர்களுக்குச் சொன்ன இன்னொரு தீர்வு, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்வது. 15 தடவை வரைகூடத் தேவைப்படலாம் என்றார்கள். 85 லட்சத்தையும் லாரியில் ஏற்றித் திண்டுக்கல்லுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே குலை நடுங்குகிறது.

கடைத் தம்பிமேல் எனக்குக் கோபமில்லை. வைரஸ் ஊறிப்போன இயந்திரத்துக்கு ஃபார்மட்தான் சரி, அதை அவன் சரியாகவே செய்கிறான். மற்றதற்கும் அதையே செய்வதன் காரணம், கடை விலைப்பட்டியலில் ஃபார்மட்டுக்கு ஒரு தொகை இருக்கிறது, கோளாறைக் கண்டுபிடிப்பதற்கு எதுவும் இல்லை. அவன் பொறுமையாக 199ஆம் வரியைப் பார்த்து, ஐந்து நிமிஷத்தில் கேபிளை மாற்றி, ஒரு ஃபைல்கூடப் போகாமல் கொடுத்து 200 ரூபாய் கேட்டால், “ஒரு ஒயர மாத்துனதுக்கு எரநூறா? என்ன தம்பி இது!” என்போம். அதையே மூன்று நாள் வைத்திருந்து, பெண்ணின் கல்யாண ஆல்பத்தோடு சேர்த்து எல்லாவற்றையும் அழித்துக் கொடுத்து 500 கேட்டால், பாவம் மூன்று நாளாகப் பாடுபட்டிருக்கிறான் என்று டீயும் வாங்கிக் கொடுப்போம்.