முகவரிக்குள் ஒரு கட்டளை

கேள்வி: மின்னஞ்சல் சேர்வரில் பயங்கர ஓட்டை என்கிறார்களே, என் கடவுச்சொல் பலமாக இருந்தால் பயமில்லைத்தானே?
– வாசகர் ஒருவர், சீனன்குடா

பதில்: கடவுச்சொல் கதவுக்குப் பூட்டு, ஓட்டையோ தபாலை வாங்குகிற ஆளிடம்! 2019இல் எக்ஸிம் என்ற மென்பொருளில் அகப்பட்டது அதுதான். பெறுநர் முகவரிக்குள் கட்டளையை ஒளித்து அனுப்பினால், சேர்வர் அதை முகவரியாக வாசிக்காமல், முழு அதிகாரத்தோடு நிறைவேற்றிவிடும். 1942இல் சீனன்குடாவைத் தாக்க ஜப்பானியர் விமானத்தில் வந்தார்கள். இன்றைய ஆசாமி வீட்டை விட்டே வெளிக்கிடத் தேவையில்லை.

சாதாரண அமைப்பில் தொலைவிலிருந்து இதைச் செய்ய, இணைப்பை ஏழு நாள் அறுபடாமல் வைத்திருக்க வேண்டும். திருடனுக்கு அந்தப் பொறுமை உண்டு. நிர்வாகிக்குப் புதுப்பிக்கத்தான் நேரமில்லை. வேடிக்கை என்னவென்றால், ஓட்டை அடைபட்ட 4.92 பதிப்பு பெப்ரவரியிலேயே வந்துவிட்டது. ஓட்டை இருந்த செய்தி ஜூனில்தான் வெளிவந்தது!

நம் நாட்டுக் கதை வேறு. 2023 ஓகஸ்டில் கப்பம் கேட்கும் ரான்சம்வேர் அரச மின்னஞ்சலைத் தாக்கியபோது, அங்கே ஓடியது ஆதரவுக்காலம் முடிந்த எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மின்னஞ்சல் மென்பொருள். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயே போயின. அந்தக் காலத்துக்குத் தனியாக எடுத்துவைத்த காப்புப் பிரதி இல்லை.

ஆகவே அலுவலகத்தில் கேளுங்கள்: சேர்வரைக் கடைசியாகப் புதுப்பித்தது எப்போது? காப்புப் பிரதி எங்கே? பதிலாகச் சிரிப்பு வந்தால், பயப்படுங்கள்.