மேரி கட்டடமும் மில் கட்டடமும்

முதலியார்பேட்டையில் நான் வளர்ந்த தெருவில் நேரம் சொன்னது மில் சங்குதான். ஒரு சங்குக்கு அம்மா உலை வைப்பாள். அடுத்த சங்குக்குள் அப்பா சைக்கிளை வெளியே எடுத்திருக்க வேண்டும். எதிர்வீட்டு மாமா இரவு ஷிஃப்ட் முடிந்து, தலையெல்லாம் பஞ்சு ஒட்டித் திரும்புவார். புதுச்சேரியின் மூன்று பெரிய மில்களுக்கும் எங்கள் பகுதியிலிருந்து ஆள் போனது. அரசுப் பதிவில் அவை ஏஎஃப்டி, சுதேசி, பாரதி. முதல் இரண்டும் பெரியவர்களுக்குக் கடைசிவரை ரோடியரும் சவானாவும்தான்.

அப்பா நெசவுப் பகுதியில் வேலை பார்த்தார். தறிகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது என்பதால் அங்கே எல்லாம் சைகைதான். நூல் அறுந்தால் இரண்டு விரலைக் கத்தரிபோல வெட்டிக் காட்டுவார்கள். மேஸ்திரி வருகிறார் என்றால் தோளில் ஒரு தட்டு. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சோறு போதும் என்பதை அப்பா ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. நாங்கள் பிள்ளைகள் அந்தச் சைகைகளைக் கற்றுக்கொண்டு வகுப்பில் வாத்தியாருக்குத் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தோம்.

குடும்பத்தாரை மில்லுக்குள் விடுவது ஆயுத பூஜைக்கு மட்டும். வாசலில் வாழை மரம், ஒவ்வொரு தறிக்கும் சந்தனம் குங்குமம், பொரிகடலைப் பொட்டலம். நெசவுக் கூடத்துக்குள் நுழைந்ததும் நான் பார்த்தது மேலேதான். ரம்பத்தின் பல்போல ஏறி இறங்கும் கூரை, அதன் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அவ்வளவு பெரிய கூடத்தில் ஒரு மூலைகூட இருட்டாக இல்லை. எங்கும் வெயிலும் இல்லை. “நேர் வெயில் பட்டா கண்ணு கூசும், நூல் அறுந்தது தெரியாதுடா. அதான் கண்ணாடியை வடக்கே பாத்து வெச்சிருக்கான்” என்றார் அப்பா. பிறகு நான் எத்தனையோ கல்லூரிகளையும் நூலகங்களையும் பார்த்துவிட்டேன். பகலில் விளக்கில்லாமல் அப்படியொரு வெளிச்சம் வேறெங்கும் எனக்கு வாய்க்கவில்லை.

அந்த மில்களின் கதை எங்கள் தெருவைவிட மிகப் பெரியது. சவானா மில்லின் தொடக்கம் 1820களின் கடைசியில். தென்னிந்தியாவின் ஆரம்பகால நூற்பாலைகளில் அதுவும் ஒன்று. புதுச்சேரியில் நெய்து அவுரி நீலம் ஏற்றிய துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. செனகல் ஆற்றங்கரைப் பிசின் வியாபாரத்தில் அந்த நீலத்துணி பணமாகவே கைமாறியிருக்கிறது. 1936 ஜூலை 30 அன்று, வேலைநேரத்தைக் குறைக்கவும் சங்கம் வைக்கவும் உரிமை கேட்டுப் போராடிய சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆட்சியின் போலீஸ் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். போராட்டத்தை வழிநடத்தியவர்களில் முன்னே நின்றவர் வ. சுப்பையா. அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. எட்டு மணிக்கொரு ஷிஃப்ட் என்று நாங்கள் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்த கணக்கு அந்தப் பன்னிரண்டு உயிர்களில் வந்தது. இதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை, அப்பா சொன்னார்.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்து ஏஎஃப்டியைப் புரட்டிப்போட்டது. அதற்கு முன்பே மூன்று மில்களும் நஷ்டத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தன. 2020இல் மூன்றும் மூடப்பட்டன.

இப்போது ஏஎஃப்டி திடல் என்றால் பொருட்காட்சி, அரசியல் கூட்டம். 2024இல் ஊரின் பேருந்து நிலையத்தைப் புதுப்பித்தபோது தற்காலிகப் பேருந்து நிலையமும் அங்கேதான் இயங்கியது. மூட்டை முடிச்சோடு விழுப்புரம் பஸ்ஸுக்கு நின்றவர்களில் எத்தனை பேருக்கு அது எந்த இடம் என்று தெரிந்திருக்கும்? திடலைப் பொதுமக்கள் புழங்குவதில் எனக்கு மகிழ்ச்சிதான். பூட்டிக் கிடப்பதைவிட அது ஆயிரம் மடங்கு நல்லது. ஆனால் திடலுக்குப் பின்னால் மில்லின் கூரைகள் ஒவ்வொரு மழைக்கும் சரிந்துகொண்டிருக்கின்றன.

அதே ஊரில் கடற்கரைச் சாலை மேரி கட்டடத்தையும் பாருங்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் மேயர் அலுவலகமாக 19ஆம் நூற்றாண்டில் கட்டியது. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய படங்களையும் அளவுகளையும் வைத்து, முகப்பு மாறாமல் திரும்பக் கட்டினார்கள்; 2021இல் திறந்தார்கள். அருமையான வேலை, அதில் எனக்கு மறுப்பே இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த வீடுகள் இன்று தங்கும் விடுதிகளாக, உணவகங்களாகப் பிழைத்துக்கொண்டதும் இந்த ஊரின் சாதனைதான். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு அதற்குப் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. ஆண்டவர்கள் உட்கார்ந்த நாற்காலிக்கு இவ்வளவு அக்கறை காட்டத் தெரிந்த ஊர், ஆயிரமாயிரம் பேர் நின்றபடியே உழைத்த கூடத்தைப் பாரம்பரியம் என்று எண்ணாதது எனக்கு ஆறவே இல்லை. மேரியில் 12 பேர் உயிர் விட்டிருந்தால் வெளியூரிலிருந்து வருகிறவர்களை அந்த இடத்துக்கு அழைத்துப்போய்க் காட்டியிருப்போம்.

செய்ய முடியாத காரியமும் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல் நகரம் மில் மூடிக் களையிழந்த ஊர்தான். 1978இல் அதன் பழைய மில் பகுதியைத் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆக்கினார்கள். அங்கே பூட் பருத்தி மில் அருங்காட்சியகத்தில் ஒரு கூடம் நிறையத் தறிகள் நிஜமாகவே ஓடுகின்றன. உள்ளே போகிறவர்களுக்குக் காதடைப்பான் கொடுக்கிறார்கள். இங்கிலாந்தில் சால்ட்ஸ் மில் 1986இல் மூடப்பட்டது. மறு ஆண்டே ஒருவர் அதை வாங்கி ஓவியக் கூடமும் புத்தகக் கடையும் கொண்டுவந்தார். வேலை பார்க்கும் அலுவலகங்களும் சேர்ந்து இயங்கியதால்தான் கட்டடத்தின் செலவைக் கட்டடமே தாங்கியது. வெறும் அருங்காட்சியகம் என்றால் நாலு வருஷத்தில் வௌவால் குடியேறிவிடும். நம் மில்லிலும் பாதி இடத்தில் தொழிற்பயிற்சிக் கூடமோ ஆடை வடிவமைப்புக் கல்லூரியோ நடக்கட்டும். அந்த வடக்கு வெளிச்சத்தில் நூலகம் வரட்டும். ஒரு கூடம் மட்டும் தறிகளோடு அப்படியே இருக்கட்டும், 1936இன் பதிவுகள் அதன் சுவரில் இருக்கட்டும்.

கூரையைப் பிற்பாடு பொறியாளர்கள் தாங்கிப்பிடிக்கலாம். அதன் கீழே உழைத்தவர்களின் நினைவு அதுவரை காத்திருக்காது. எதிர்வீட்டு மாமாவுக்கு எண்பது கடந்துவிட்டது. போன மாதம் அவரைக் கேட்டேன்: “மாமா, இப்ப தறி குடுத்தா ஓட்டுவீங்களா?” உடனே இரண்டு விரலைக் கத்தரிபோல வெட்டிக் காட்டிவிட்டு, நாடா எந்தப் பக்கத்திலிருந்து பாயும், நின்றால் எந்தப் பிடியை இழுக்க வேண்டும், நூலை எப்படி முடிய வேண்டும் என்று அரைமணி நேரம் கையாலேயே ஓட்டிக் காட்டினார். நான் போனில் படம் பிடித்தேன். அவரோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் எங்கள் தெருக்களில் இருக்கிறார்கள். பல்கலைக்கழகமோ கலை பண்பாட்டுத் துறையோ ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் நாலு மாணவர்களுமாக இந்த ஆண்டே புறப்பட்டு வர வேண்டும். தெரு தெருவாகக் கூட்டிப்போக நான் தயார்.