ஒண்ணும் ஆகலையா, கொண்டாடு மாப்ளே

வாய்யா மாப்ளே, உக்காரு. கண்ணுக்கு விடுற சொட்டு மருந்தை நிப்பாட்டிட்டியாமே, என் தங்கச்சி சொல்லி மூக்கைச் சிந்துறா. "மூணு மாசமா விடுறேன், ஒரு மாத்தமும் தெரியலை"ன்னு ஆத்தாகிட்டயே வக்கீல் பேச்சு வேறயாம். சபாஷ்!

உன் வியாதி எனக்குப் புரியுது. உங்க பெரியப்பன் கண்புரை ஆபரேசன் பண்ணிட்டு, கட்டை அவுத்ததும் சுவத்துக் காலண்டர்ல தேதி படிச்சான். அதைப் பார்த்து உனக்கும் நாக்கு ஊறிப்போச்சு. அங்க மங்கின லென்ஸை எடுத்துட்டுப் புதுசு வச்சாங்க. உனக்கு வந்திருக்கிறது கிளாக்கோமா, இதுல அடி வாங்கினது கண்ணுல இருந்து மூளைக்குப் போற நரம்பு. போன நரம்பை எந்தக் கொம்பனாலயும் திருப்பித் தர முடியாது. இருக்கிறதைக் காப்பாத்தத்தான் இந்தச் சொட்டு. நீ ஓட்டை சட்டியில மோர் வாங்கிட்டு வந்தவன், மிச்சத்தோட அருமை உனக்குத் தெரிய வேண்டாமா?

கண்ணுக்குள்ள ஒரு நீர் ஓயாம சுரக்கும். அழுதா வருமே, அந்தக் கண்ணீர் வேற. நம்ம கண்மாய்ல மடை அடைச்சுக்கிட்டா வரத்து நிக்குமா? தண்ணி ஏறும், கரையை அரிக்கும். உனக்கும் அந்தக் கதைதான். சில சொட்டு வரத்தைக் குறைக்கும், சில சொட்டு மடையைத் தொறந்துவிடும். கண் பிரஷர் 10-ல இருந்து 21 வரைக்கும்னு பொதுவா ஒரு கணக்கு வச்சிருக்காங்க. 21-க்குக் கீழ இருந்தும் நரம்பு கெட்ட ஆளுக உண்டு, அதனால உன் அளவை டாக்டர்தான் சொல்லணும். உனக்கு 32 இருந்தது இப்ப 16. அதுதான்டா நீ தேடுற மாத்தம்! சீட்டுல எழுதியே குடுத்திருக்காங்க. நீ அந்தச் சீட்டுல பொடி மடிச்சு வச்சிருக்கே.

வலிச்சிருந்தா நீயே ஓடியிருப்பே. இது வலிக்காது. நடுப் பார்வை நல்லா நிக்கும், பேப்பர்ல பொடி எழுத்தைக்கூடப் படிப்பே. ஓரம்தான் முதல்ல போகும். போன இடம் கறுப்பாவும் தெரியாது, மூளை பூசி மெழுகிவிட்டுரும். அதான் அன்னிக்குப் பக்கத்துல நின்ன ஆட்டுக்குட்டியை மிதிச்சுப்புட்டு ஆட்டுக்காரன்கிட்டயே சண்டைக்குப் போனே. திடீர்னு கண் சிவந்து, மண்டை பிளந்து, வாந்தி எடுக்கவைக்கிற வகையும் ஒண்ணு இருக்கு. அது வந்தா நல்ல நேரம் பார்க்காதே, அன்னிக்கே ஓடு.

நீ சொட்டு விடுற அழகையும் பார்த்தேனே! கண்ணு டிவியில, வாய் ஆன்னு தொறந்து கெடக்கு, ஒரு சொட்டு கன்னத்துல, ஒரு சொட்டு மீசையில. மீசைக்கு ஏது பிரஷர்? அண்ணாந்து, கீழ் இமையை இழுத்துப் பிடிச்சு ஒரே ஒரு சொட்டு விடு. அதுவே கண்ணுக்குக் கூடுதல். அப்புறம் கண்ணை மூடி, மூக்கோரம் இருக்கிற கண் முனையை ரெண்டு நிமிசம் அமுக்கிக்கிட்டு இரு. இல்லாட்டி மருந்து மூக்கு வழியாத் தொண்டைக்குப் போய்க் கசக்கும். ரெண்டு வகை மருந்துன்னா நடுவுல அஞ்சு நிமிசமாச்சும் விடு.

மதுரையில 1976-ல 11 படுக்கையோட அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினாரே டாக்டர் வெங்கடசாமி, அவருக்கு மூட்டுவாதத்துல விரலெல்லாம் கோணிப்போயிருந்துச்சு. அந்தக் கையால கத்தி பிடிச்சு ஊர்ப்பட்ட பேருக்குக் கண்புரை எடுத்தாரு. பத்து விரலும் நேரா இருக்கிற உனக்கு ஒரு பாட்டிலைப் பிழிய வரலை!

உன் சொட்டுல ஒண்ணு டிமோலால். 1978-லயே அமெரிக்காவுல அனுமதி வாங்கினது. உனக்கு மூத்தது, மரியாதையா நடந்துக்கோ. வீசிங் இருந்தா டாக்டர்கிட்ட வாயைத் தொறந்து சொல்லிரு, அது மூச்சை இறுக்கிரும். ராத்திரி விடுற லேட்டனோபிராஸ்ட் இமை முடியை நீளமா வளர்த்துவிடும். நீ ஒத்தைக் கண்ணுக்கு மட்டும்தானே விட்டே? அந்தக் கண்ணு மட்டும் கல்யாணப் பொண்ணு கணக்கா மினுக்குது. நந்தியாவட்டைச் சாறு, வெளக்கெண்ணெய்னு யாராச்சும் வந்தா வாசல்லயே அனுப்பிவிடு. கண் சிவந்துச்சுன்னு மெடிக்கல்ல நீயா ஒரு சொட்டு வாங்கி விட்டுறாதே, அதுல ஸ்டீராய்டு இருந்தா பிரஷரை ஏத்தி விட்டுரும்.

பீல்டு டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டா போய் ஒழுங்கா உக்காரு. நேரே பார்த்துக்கிட்டு, ஓரத்துல வெளிச்சம் மின்னினா பட்டனை அமுக்கணும், அவ்வளவுதான் வேலை. மின்னாமலே அமுக்கி மார்க் வாங்கப் பார்க்காதே, அந்தத் திருட்டையும் மெஷின் குறிச்சு வச்சுக்கிடும். போன தடவை படமும் இந்தத் தடவை படமும் ஒண்ணு போல இருந்தா ஊருக்குச் சர்க்கரைப் பொங்கல் வை. சொட்டுக்கு அடங்கலைன்னா லேசர் இருக்கு, அதுக்கும் மசியலைன்னா ஆபரேசன் இருக்கு, அதை அப்பப் பார்ப்போம்.

உன் தம்பியும் நாப்பதைத் தாண்டிட்டான்ல? கூடப் பிறந்தவங்களுக்கு இது வர வாய்ப்பு மத்தவங்களைவிடப் பல மடங்கு. சும்மா கூப்பிட்டா வரமாட்டான், அவனும் உன் ரத்தம்தானே. மதுரைக்குப் பரோட்டா திங்கப் போறோம்னு சொல்லி பஸ் ஏத்து. கண் பாப்பாவை விரிக்கிற சொட்டு விட்டுட்டாங்கன்னா எல்லாம் மங்கலாத் தெரியும், எங்கிட்டு ஓடுவான்? பரோட்டாவை அப்புறமா வாங்கிக் குடு, எனக்கும் நாலு கட்டிக்கிட்டு வா.