ஹீலர் கையிலும் துப்பாக்கி

கேள்வி: சுடத் தெரியாதவர்கள்தான் 'ஓவர்வாட்ச்' விளையாட்டில் தோழர்களைக் குணப்படுத்தும் ஹீலர் ஆகிறார்களாமே?

பதில்: அப்படியானால் 2018-இல் ஓவர்வாட்ச் லீக்கின் முதல் சீசனில் மிகச் சிறந்த வீரர் விருது ஹீலருக்குப் போனது எப்படி? நியூயார்க் எக்செல்சியர் அணியின் தென்கொரிய வீரர் ஜோனாக் ஆடியது ஜென்யாட்டா என்ற ஹீலர் பாத்திரத்தை. தோழர் தலைமேல் ஒரு கோளத்தை மிதக்கவிட்டால் அது பாட்டுக்குக் குணப்படுத்தும். கை சும்மா இருக்கிறதே! எதிரணியைச் சுட்டுத் தள்ளினார்.

கேள்வி: நல்ல ஹீலராக, முதலில் எதைக் கற்க வேண்டும்?

சாகாமல் இருக்க. எதிரணியின் முதல் குறியே ஹீலர்தான். சுவர் மூலையை ஒட்டி நின்றால், அடி விழும்போது ஒரே எட்டில் மறையலாம்.

அடுத்தது, யாருக்கு முதலில்? பின்வாங்கி ஒளிந்தவர் கொஞ்சம் பொறுக்கலாம். முன்னால் நின்று அடிவாங்குபவரால் பொறுக்க முடியாது. 'ஆனா' என்ற ஹீலர் பாத்திரத்தை ஆடுபவர்கள் மருந்துக் குப்பி எறிவதிலும் கணக்கு வேண்டும்: தோழர்மேல் பட்டால் சிகிச்சை கூடுதலாக ஏறும், எதிரிமேல் பட்டால் சில நொடிகளுக்கு அவருக்கு எந்தச் சிகிச்சையும் ஏறாது. அந்த நொடிகளில் எல்லோரும் அவரையே சுட வேண்டும். குப்பி பட்டதும் குரல் கொடுங்கள்!

கேள்வி: செத்த தோழர்களை மொத்தமாக எழுப்பினால்தானே கெத்து?

மெர்சி என்ற ஹீலர் பாத்திரத்தால் அது முடிந்த காலம் உண்டு. விளைவு? தோழர்கள் விழும்வரை பல மெர்சிகள் ஒளிந்தே கிடந்தார்கள்! காப்பாற்ற வந்தவர் சாவுக்குக் காத்திருப்பது என்ன நியாயம்? 2017-இல் விளையாட்டை உருவாக்கிய பிளிஸர்ட் நிறுவனம் அதை மாற்றியது, சரியாகவே. இப்போது ஒரு முறைக்கு ஒருவரைத்தான் எழுப்பலாம்.