பழச முடிங்க மொதல்ல

ஸ்டோர் அண்ணி வீட்டில் புது பிஸ்கட் தின்றவர் யாருமில்லை. புது பிஸ்கட் இல்லாமல் இல்லை. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஸ்டோரில் பத்துப் பாக்கெட்டாவது அடுக்கியிருக்கும். ஆனால் கோப்பியோடு தட்டில் வருவது எப்போதும் அதற்கு முந்திய வரிசை. லேசாகச் சிக்கு வாடை அடிக்கும். "பழச முடிங்க மொதல்ல, அப்புறம் புதுச தொறக்கலாம்" என்பார். பழசு முடிகிற அன்று புதுசு பழசாகியிருக்கும். அந்த வீட்டுப் பிள்ளைகள் வேலைக்குப் போய்ச் சொந்தக் காசில் வாங்கித் தின்ற பிறகுதான் பிஸ்கட் மொறுமொறுவென்று இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டார்கள்.

யாரையும் குறிப்பிட்டு எழுதவில்லை. புஞ்சாக் ஆலாமில் தெருவுக்கு ஒருவர் இந்த வகையில் தேறுவார். என் சொந்த அண்ணியும் அங்கேதான் குடியிருக்கிறார் என்பதற்கும் இந்தக் கட்டுரைக்கும் சம்பந்தமில்லை.

மற்ற வீடுகளில் இன்றைக்கு என்ன சமையல் என்பதை நாக்கு முடிவு செய்யும். இல்லாவிட்டால் சந்தைக்கு வந்த மீன் முடிவு செய்யும். இங்கே 'தாரிக் லுப்புட்' முடிவு செய்கிறது. டின்னின் அடியில் பாதி அழிந்த புள்ளி எழுத்தில் அடித்திருக்குமே, அந்தக் காலாவதித் தேதி. ஐஸ்பெட்டிக் கதவில் வாராந்தர அட்டவணை ஒன்று காந்தத்தில் தொங்கும். திங்கள்: சார்டின் பிரட்டல். பக்கத்தில் சிவப்பு மையில் 'மே 14'. செவ்வாய்: டின் கடலைக் குழம்பு, 'மே 20'. புதன்: குருமா, 'மே 21'. அந்த 21 குருமாவுடையது அல்ல, பெட்டித் தேங்காய்ப்பாலுடையது. குருமா வைக்க வேண்டும் என்று தேங்காய்ப்பாலைத் தேடுவது ஊர் வழக்கம். தேங்காய்ப்பாலுக்கு நாள் நெருங்கிவிட்டது என்று குருமா வைப்பது அண்ணி வழக்கம்.

என் அண்ணன், அதாவது இந்த வகை அண்ணிமாரின் கணவன்மார், ஜெராம் பக்கம் போனபோது நல்ல செனங்கின் மீன் வந்திருப்பதைப் பார்த்து வீட்டுக்கு அழைத்துக் கேட்டிருக்கிறார். "இந்த வாரம் எடம் இல்லைங்க" என்று பதில் வந்தது. ஐஸ்பெட்டியில் அல்ல, அட்டவணையில். ஐஸ்பெட்டியில் இடமில்லாததும் உண்மைதான்.

தேதி அடிக்காத பொருளைக் கண்டால் அண்ணிக்கு ஆகாது. மைலோ டின்னில் கொட்டிவைத்த பருப்புக்கு வெள்ளை டேப் ஒட்டி வாங்கிய நாள், பிரித்த நாள், முடிக்க வேண்டிய நாள் என்று மூன்று வரி எழுதுவார். கடையில் வாங்கும் முட்டைக்கு அட்டையில்தான் தேதி இருக்கிறது என்று ஒவ்வொரு முட்டை மேலும் பென்சிலால் எழுதுவார். 2022 கடைசியில் நாட்டில் முட்டைத் தட்டுப்பாடு வந்து, நாமக்கல்லில் இருந்தெல்லாம் முட்டை வந்து இறங்கியதே, அப்போது எங்கிருந்தோ ஒரு தட்டு நாமக்கல் முட்டையையும் பிடித்துவிட்டார். எங்கள் தாத்தா அந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். ஊர் முட்டையை ஒன்று பொரித்துத் தா என்று அண்ணன் கேட்டதற்கு, "உள்ளூர் முட்டை இன்னும் பன்னெண்டு கெடக்கு. அத முடிங்க" என்று சொல்லிவிட்டார். பாட்டன் ஊர் முட்டை பென்சில் தேதியோடு மேல்தட்டில் காத்திருந்தது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரே எதிரி நம்முடைய சமய நாள்காட்டி. வெள்ளிக்கிழமை சைவம். வெள்ளியில் காலாவதியாகும் சார்டின் வியாழன் இரவே அடுப்பேறிவிடும். அது சின்ன விஷயம். பெரிய விஷயம் புரட்டாசி. மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது. ஆகவே செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் கெடு முடியும் டின் எல்லாவற்றையும் ஆவணிக்குள் தீர்த்தாக வேண்டும். ஆவணியின் கடைசி வாரத்தில் அந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போகாதீர்கள். காலையில் சார்டின் ரொட்டி, மத்தியானம் சார்டின் குழம்பு, ராத்திரிக்கு மீஹூன், அதற்குள்ளும் சார்டின். புரட்டாசி விரதம் தொடங்கும் நாளை என் அண்ணனைப் போல ஆவலோடு எதிர்பார்க்கும் பக்தரை நான் கண்டதில்லை.

இதெல்லாம் கைப்பேசி வருவதற்கு முந்திய வியாதி. கைப்பேசி வந்து முற்றிவிட்டது. கனடாவில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பனிக்காலத்துக்கு முன் தக்காளி, பீன்ஸ், பீச் பழமெல்லாம் போத்தலில் அடைத்து நிலவறையில் வரிசையாக அடுக்கும் காணொளியை அண்ணி கண் கொட்டாமல் பார்ப்பார். அந்த அம்மாளுக்கு அது நியாயம். அங்கே ஐந்து மாதம் மண் உறைந்து கிடக்கும், நிலவறை தானாகவே ஐஸ்பெட்டிக் குளிரில் இருக்கும். புஞ்சாக் ஆலாமில் வெயிலும் மழையும்தான். மாடிப்படிக்குக் கீழே பகலில் முப்பது டிகிரிக்குக் குறையாது. ரவை இரண்டு மாதம் தாங்கினாலே பெரிது, மூன்றாம் மாதம் ஊர ஆரம்பித்துவிடும். இதைச் சொன்னால் கேட்பாரா? கேமரன் மலைத் தக்காளி ஒரு கூடை வாங்கி, அரைகுறையாகக் காய்ச்சி, ஊறுகாய்ப் போத்தல்களில் அடைத்து ஸ்டோரில் வைத்தார். ஒரு ராத்திரி மூடிகள் தீபாவளி வெடி போல ஒவ்வொன்றாகத் தெறித்தன. அண்ணன் திருடன் என்று நினைத்து மண்வெட்டியோடு இறங்கி வந்தார். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரில் இருந்த தக்காளிக் கறை அடுத்த தீபாவளிக்குப் பெயிண்ட் அடிக்கும் வரை போகவில்லை.

செகிஞ்சானுக்குக் குடும்பத்தோடு வயல் பார்க்கப் போனால் எல்லோரும் படம் எடுப்பார்கள், அண்ணி மூட்டை எடுப்பார். திரும்பும் வழியில் பாசிர் பெனாம்பாங்கில் கருவாடு. காருக்குள் அந்த வாசனையோடு கோல சிலாங்கூரிலிருந்து வீடு வந்து சேர்வதைப் பற்றி எழுத இது இடமல்ல.

அண்ணியின் பொற்காலம் 2020 மார்ச். 16-ஆம் தேதி ராத்திரி பிரதமர் தொலைக்காட்சியில் நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்தார். 18-ஆம் தேதியிலிருந்து அமல். நடுவில் இருந்த ஒரு நாளில் ஊரே பேரங்காடியில் தள்ளுவண்டியோடு முட்டிக்கொண்டது. அண்ணி சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு சொந்தக்காரராக அழைத்து, "மாவு இருக்கா? எண்ண இருக்கா? நான் அப்பவே சொன்னேன்ல" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வீட்டுக்கு ஒருவர், அதுவும் குடும்பத் தலைவர்தான் சாமான் வாங்கப் போகலாம் என்று வந்ததல்லவா? நாட்டிலுள்ள ஆண்களெல்லாம் காய்கறி அடுக்கின் முன் நின்று மல்லி எது, புதினா எது என்று மனைவிக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தபோது, மூன்று மாதத்துக்குச் சாமான் இருந்த வீட்டிலிருந்தும் என் அண்ணன் பட்டியலோடு துரத்தப்பட்டார். எடுத்ததை எடுத்த இடத்தில் நிரப்பி வைக்க வேண்டுமாம்.

அப்போது பக்கத்து வீட்டை யூஐடிஎம் மாணவிகள் நான்கைந்து பேர் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மலாய்க்காரப் பிள்ளைகள், ஊருக்குப் போக முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள். அண்ணி இரண்டு நாளைக்கு ஒரு முறை கேட்டில் பை மாட்டிவைத்தார். மீஹூன், சார்டின், முட்டை, பிஸ்கட். எல்லாமே புதுசு. பின் வரிசையிலிருந்து எடுத்தது. "என்னா இது, நமக்கு மட்டும் பழசா?" என்று அண்ணன் கேட்டிருக்கிறார். "வயசுப் புள்ளைங்க பசியில கெடக்குதுங்க, அதுங்களுக்குப் பழசையா குடுப்பாங்க?" என்று அண்ணி முறைத்திருக்கிறார். அண்ணனுக்கு அது இன்றுவரை ஆறவில்லை.

அண்ணி இந்தப் பழக்கத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டார். அவருடைய அம்மா, எங்களுக்கு அத்தை, சொல்வார். அவர்கள் கோல சிலாங்கூர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவர்கள். பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலை உதிர்க்கும், பால் இறங்கிவிடும். துரைமார் அதற்கு 'விண்டரிங்' என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். பால் நிறைக்கு ஏற்பத்தான் கூலி என்பதால் அந்தப் பனிக்காலம் நேரே சட்டியில் வந்து இறங்கும். காலையில் மழை பிடித்தாலும் வெட்டு இல்லை, காசு இல்லை. தோட்டக் கடைக்காரரின் 555 புத்தகத்தில் கடன் ஏறும். அத்தையின் அம்மா காலம் இன்னும் மோசம். 1948-இல் அவசரகாலம் வந்த பிறகு அரிசிக்குப் பங்கீடு. வெட்டுக்காட்டுக்குப் போகிறவர் மத்தியானச் சோற்றைக் கொண்டுபோகக் கூடாது, கேட்டில் சோதனை. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். டின் பால் வாங்கினாலும் கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பார், யாரும் சேர்த்து வைக்க முடியாதபடி. அந்தப் பாட்டிக்கு இந்த ஸ்டோரைத் திறந்து காட்டியிருந்தால் அங்கேயே பாய் விரித்துப் படுத்திருப்பார்.

அதற்காக எல்லாவற்றையும் மன்னிக்க என்னால் முடியாது. 2016 நவம்பரில் போத்தல் சமையல் எண்ணெய்க்கான மானியத்தை அரசாங்கம் எடுத்துவிட்டது. 1 கிலோ பாக்கெட் மட்டும் 2 வெள்ளி 50 காசில் நின்றது. இல்லாதவர்களுக்காக நின்றது. அது கடைக்கு வரும் செய்தி அண்ணிக்கு எப்படியோ முதலில் தெரிந்துவிடும். ஆளுக்கு இவ்வளவுதான் என்று கடையில் எழுதி ஒட்டியிருப்பார்கள். அண்ணி, அண்ணன், இரண்டு பிள்ளைகள் நான்கு வரிசையில், ஒருவரை ஒருவர் தெரியாதவர் போல நிற்பார்கள். வெளியே நிற்கும் கார் இரண்டு. தெருமுனையில் பீசாங் கோரெங் போடும் மாக்சிக் அன்று மத்தியானம் வந்து காலி அடுக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதை நானே பார்த்தேன். 2023-இலும் இதே கதைதான். இந்தியா ஜூலையில் வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது, செப்டம்பரில் இங்கே இறக்குமதி அரிசி விலை ஏறியது, 10 கிலோ 26 வெள்ளி உள்ளூர் அரிசி கண்ணில் படாமல் போனது. அமைச்சர் ஒரு காரணம் சொன்னார், வியாபாரிகள் ஒரு காரணம் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த ஒரு காரணம் மாடிப்படிக்குக் கீழே ஆறு மூட்டையாக இருந்தது. சொன்னேன். "காசு குடுத்துத்தானே தம்பி வாங்குறேன்" என்றார். அதில் இரண்டு மூட்டையில் வண்டு விழுந்து, காய்ந்த மிளகாய் போட்டும் போகாமல், கோழிக்குப் போயிற்று. இதில் சிரிக்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆனாலும் அண்ணியோடு சண்டை நீடிப்பதில்லை. ஒவ்வொரு முறை போய்விட்டுக் கிளம்பும்போதும் காரில் ஒரு பை ஏறிவிடும். வீட்டுக்கு வந்து பிரித்தால் கிச்சாப், ஜாம், மசாலைத் தூள். "வெள்ளிக்குள்ள முடிச்சிடு தம்பி" என்று பின்னாலேயே செய்தி வரும். இப்போதெல்லாம் எங்கள் வீட்டுச் சமையலையும் புஞ்சாக் ஆலாம் அட்டவணைதான் ஓட்டுகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். என்ன விசேஷம் என்று என் மனைவி கேட்டதற்கு, "சும்மாதான், எல்லாரையும் பாத்து நாளாச்சுல்ல" என்றாராம். அண்ணனிடம் தனியாக விசாரித்தேன். லைச்சி டின் பதினொன்று, திங்களோடு கெடு முடிகிறது. நாங்கள் நாலு பேர் போகிறோம். மாமனார் வீட்டிலிருந்தும் மூன்று பேரைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்.