மஞ்சள் விளக்கும் மலைப்பாதையும்

கேள்வி: உரமூட்டை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும்போது மட்டும் என் டீசல் பிக்கப்பில் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஒயரைப் பிடுங்கிவிடலாமா?
– வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: வேண்டாம் ஐயா, ஜுரக்காரர் தெர்மாமீட்டரை உடைத்தால் ஜுரம் இறங்கிவிடுமா? ‘ஏறும்போது மட்டும்’ என்று தாங்கள் எழுதிய இரு சொற்களிலேயே பாதி நோய் நிர்ணயமாகிவிட்டது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் பாரத்தோடு ஏறுகையில், எஞ்சின் தன் சக்தி முழுவதையும் திரட்டி அதிகக் காற்றையும் டீசலையும் யாசிக்கிறபடியால், சமதரையில் ஒளிந்திருக்கும் குறை அப்போதுதான் பிரத்தியட்சமாகிறது.

ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டி, அழிக்குமுன் அது காட்டும் பிழை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பி0299 என்று வந்தால் டர்போவின் காற்றழுத்தம் போதவில்லை என்பதே பொருள். டர்போவே பழுது என்பதல்ல. அந்த எண்ணைக் கண்டவுடன் புது டர்போ வாங்கச் சொல்லும் ஆலோசனையை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். முதலில் இன்டர்கூலர் ரப்பர் ஹோஸைத் தடவிப் பாருங்கள்: கிளிப்பின் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கும், விரல் நுனிக்குத் தட்டுப்படும் வெடிப்பும், ஏற்றத்தில் கரும்புகையும் ‘உஸ்’ஸென்ற சப்தமும் இருக்குமானால் குற்றவாளி அதுவே. பிறகு ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டியானால், தோட்டத்துக்குள் ஊர்ந்தே ஓடுவதால் புகைக்கரி வடிகட்டி அடைபடுவதும் சாத்தியம். போடி–தேனி சாலையில் சீரான வேகத்தில் ஓட்டினால் கரி பெரும்பாலும் எரிந்துவிடும்.

விளக்கு மின்னினாலோ, ஆயில் விளக்கு சிவந்தாலோ, வளைவு தாண்டி ஓரங்கட்டி எஞ்சினை உடனே நிறுத்திவிடுங்கள்.